கன்னிமார் ஏரியில் உன்னைக் கரைத்த பகல்

இன்று காலை கனகசெட்டிக்குளத்து மீன்காரம்மா வழக்கம்போல வாசலில் கூடையை இறக்கினாள். இரண்டு நாளாகக் கடல் கொந்தளிப்பாம், படகு போகவில்லையாம். எங்கேயோ வாங்கிய ஏரி மீனைக் கொண்டுவந்திருந்தாள். மேலே மூடியிருந்த ஈரச் சாக்கை அவள் விலக்கியதும் சேறும் பாசியும் கலந்த அந்த வாடை வந்தது. கெண்டை மீன்கள். வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. "உசுரோட இருக்குது பாரும்மா" என்றாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். வேண்டாம் என்று அவளை அனுப்பிவிட்டு உள்ளே வந்து, கை கழுவி, சோப்புப் போட்டு மறுபடியும் கழுவி, உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் அந்த மீனைத் தொடவே இல்லை.

உனக்கு எழுதுவது எனக்குப் புதிதில்லை. நீ கல்யாணமாகிப் பாரிசுக்குப் பக்கத்து ஊருக்குப் போன புதிதில் மாதம் ஒரு நீலக் கடிதம் எழுதுவேன். அப்புறம் போன் வந்தது, எழுத்து நின்றது. இப்போது நீ இருக்கும் இடத்துக்குப் போன் இல்லை. இந்த ஒரு வருஷத்தில் உன்னிடம் சொல்ல வேண்டியது நிறையச் சேர்ந்துவிட்டது. அதில் சில உனக்குப் பிடிக்காது.

நம் தெரு உனக்கு நினைவிருக்கும். என் அப்பா மில்லில் நூற்புப் பிரிவில் வேலை பார்த்தவர். உன் அப்பா சொல்தா. பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் அல்ஜீரியா வரை போய்வந்து, பன்சியோன் பணம் வாங்கிக்கொண்டு, சாயங்காலத்தில் சலவைச் சட்டையோடு ஏரிக்கரை வரை நடந்துபோவார். தெருவில் எங்கள் வீடு 'மில்காரர் வீடு', உங்கள் வீடு 'சொல்தா வீடு'. வேறு வித்தியாசம் எதுவும் நமக்கு அப்போது தெரியவில்லை. பள்ளிக்கூடம் விட்டால் இரண்டு பேரும் சவுக்குத் தோப்பைத் தாண்டி ஏரிக்குத்தான் ஓடுவோம்.

இப்போது அந்தத் தோப்பு இல்லை. மனை போட்டு வீடுகள் வந்துவிட்டன. ஏரி பாதியாகச் சுருங்கிவிட்டது. கரையில் வேப்பமரத்தடியில் மஞ்சள் பூசிய ஏழு கற்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. ஏழு கன்னிமாரும் தண்ணீருக்கு அடியில் குடியிருக்கிறார்கள் என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். தண்ணீரில் கால் வைக்கும் முன் "தாயே, இறங்கறேன்" என்று உத்தரவு கேட்க வேண்டும். உச்சிப்பொழுதில் யாரும் கரை ஏறக் கூடாது. அது அவர்கள் குளிக்கும் நேரம். ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் போகும் கலங்கலில் வழியும்போது முதல் தண்ணீரைக் குடத்தில் பிடித்து ஏழு கற்களுக்கும் ஊற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சாவு அந்தக் கரையைத் தொடக் கூடாது. கன்னிகள் சாவைப் பார்த்தால் எழுந்து போய்விடுவார்கள். அவர்கள் போனால் தண்ணீரும் பின்னாலேயே போய்விடும்.

நீ உத்தரவு கேட்டு இறங்கி நான் பார்த்ததே இல்லை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தடதடவென்று இறங்குவாய். நான் கரையில் நின்று பயந்துகொண்டே உத்தரவு கேட்பேன். "தெனம் வர்றவ எதுக்குடி கேட்டுக்கினு வரணும்?" என்பாய். ஆனால் ஒரு நாள் காலில் சிப்பி கிழித்து ரத்தம் வந்தபோது, மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி, மனசுக்குள் தினமும் கேட்டுக்கொண்டுதான் இறங்குவதாகச் சொன்னாய். உன்னை நான் முழுசாகப் புரிந்துகொண்டது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். வெளியில் சண்டைக்காரி. உள்ளுக்குள் எங்கள் எல்லாரையும்விட அந்த ஏழு பேரை நம்பியவள்.

உன் அப்பா போனது ஐப்பசி அடைமழையில். நமக்குப் பதினாறு வயது. ஏரிக்கரை மேலே போனால் சுடுகாடு கூப்பிடு தூரம்தான். ஆனால் பிணம் கரைமேல் போகக் கூடாதே. சாலையைச் சுற்றி, செங்கல் சூளையைச் சுற்றி, முழங்கால் சேற்றில் தூக்கிக்கொண்டு போனார்கள். கூட வந்த பழைய பட்டாளத்துக்காரர்கள் பதக்கம் குத்திய கோட்டோடு நனைந்துகொண்டே நடந்தார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டோம். அங்கிருந்தே தெரிந்தது. சூளைத் திருப்பத்தில் தூக்கியவர்களில் ஒருவருக்குக் கால் வழுக்கி, பாடை சாய்ந்து, உன் அப்பா சேற்றில் விழுந்தார். நீ அழவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்தாய், அவ்வளவுதான். மூன்றாம் நாள் நீ தனியாக ஏரிக்குப் போய்விட்டு வந்தாய். எங்கே போனாய் என்று கேட்டேன்.

"அந்த ஏழு பேர்கிட்டயும் சண்ட போட்டுட்டு வந்தேன்" என்றாய். "எங்கப்பா அந்த வழியா போனா அவளுங்களுக்கு இன்னா கொறஞ்சிடும்? நான் செத்தா சுத்திக்கினு போவ மாட்டேன், வேதா. பாத்துக்கோ."

பதினாறு வயதுப் பெண் துக்கத்தில் பேசுகிறாள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

பிறகு கல்யாணம், பிரெஞ்சுப் பாஸ்போர்ட், விமானம். அங்கே பள்ளிக்கூடச் சமையலறையில் தட்டுக் கழுவும் வேலை என்பதை நீ ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் எழுதினாய். குழந்தை இல்லாமல் பதினோரு வருஷம். அந்த ஊர் டாக்டர்கள் பார்க்காத சோதனை இல்லை. பதினோராம் வருஷம் நீ இரண்டு மாதம் லீவு போட்டு வந்து, ஏழு வெள்ளிக்கிழமை ஈரத்துணியோடு அந்தத் தண்ணீரில் நின்றாய். நான் மாற்றுச் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு உன் பின்னால் நின்றேன்.

வெற்றிலையில் கற்பூரம் ஏற்றி விடுவார்கள். அது நடு ஏரிக்குப் போனால் வரம் கிடைத்தது. கரைக்குத் திரும்பினால் இல்லை. ஆறு வெள்ளியும் உன் வெற்றிலை திரும்பி வந்தது. ஒவ்வொரு தடவையும் நீ அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். ஏழாம் வெள்ளி அது போனது. அசைந்து அசைந்து நடு ஏரி வரை போய்க் கற்பூரம் அணைந்தது. நீ திரும்பி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய். அந்த வெற்றிலை எப்படிப் போனது என்று நான் உன்னிடம் சொன்னதே இல்லை. நீ கண்ணை மூடிக் கும்பிட்டபோது, உன் பின்னால் குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளிவிட்டேன். அலை எழும்பியது, வெற்றிலை போயிற்று. நான் செய்தது அதுதான். அடுத்த வருஷம் உனக்குப் பெண் பிறந்தது. கன்னிகா என்று பெயர் வைத்தாய். உண்மையைச் சொல்ல எனக்கு அப்புறம் வாய் வரவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் உனக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். அறுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், மறுபடி வந்தது. கடைசி மாதங்களில் நீ தினமும் கூப்பிட்டாய். பேச ஒன்றும் இருக்காது. இங்கே மழையா என்று கேட்பாய், ஏரியில் எவ்வளவு தண்ணீர் என்று கேட்பாய். ஒரு நாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாய்.

"வேதா, என்ன எரிச்சதும் சாம்பல கன்னிகா எடுத்துக்கினு வருவா. ஏரியில கரைச்சுடு."

அது ஆகாது என்றேன். கடலில் கரைக்கிறேன், காவேரிக்கு வேண்டுமானாலும் கொண்டுபோகிறேன் என்றேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பில் மூச்சு வாங்கியது.

"ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா? எங்கப்பாவ சேத்துல போட்டாங்களே, அப்பவே தெரியும். அவளுங்க எனக்குப் புள்ள குடுத்தவளுங்க. என்ன எடுத்துக்க மாட்டாளுங்களா? நீ எடுத்துப் போ. கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

சரி என்று சொல்லிவிட்டேன். செத்துக்கொண்டிருப்பவளிடம் வேறு என்ன சொல்வது?

மாசியில் நீ போனாய். பங்குனியில் கன்னிகா வந்தாள். இருபத்து நாலு வயது. உன் நெற்றி, உன் நடை. தமிழ் மட்டும் ஒவ்வொரு சொல்லாக யோசித்து வரும். கைப்பையில் சாம்பல் நிறத்தில் ஒரு மூடிபோட்ட குடுவை. கூடவே இரண்டு மூன்று காகிதங்கள், முத்திரை குத்தி. உன் தம்பி வீட்டாரிடம் கடலில் கரைத்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவளிடம் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்டாள். ஊரில் ஆளுக்கு ஒன்று பேசுவார்கள் என்று பொதுவாகச் சொல்லி வைத்தேன். சாவு தொடக் கூடாத கரை அது என்பதை அவளிடம் சொல்லவில்லை. அம்மாவின் கடைசி ஆசையில் அந்தப் பெண்ணுக்கு ஒரு கறையும் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன்.

உச்சிப்பொழுதைத் தேர்ந்தெடுத்தேன். அப்போதுதான் யாரும் கரைக்கு வர மாட்டார்கள். வெயிலில் ஏரி தகரம் போலக் கிடந்தது. கன்னிகா செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள், பின்னாலேயே நானும். முழங்கால் தண்ணீரில் நின்று குடுவையைச் சாய்த்தாள். காற்றில் கொஞ்சம் அவள் கையிலும் என் சேலையிலும் படிந்தது. மீதி தண்ணீரில் வெள்ளையாகப் பரவி, மெல்ல மெல்ல இறங்கியது. அவள் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். நான் அன்றைக்கு முதல் தடவையாக உத்தரவு கேட்க மறந்துவிட்டேன். கரையேறிய பிறகுதான் நினைவு வந்தது.

இருபது நாள் கழித்து மீன் செத்து மிதந்தது.

சித்திரை முதல் வாரம். விடிந்து பார்த்தால் கரையோரம் முழுக்க வெள்ளை வயிறு. கெண்டை, விரால், அயிரை, ஒன்றையும் விடவில்லை. மூன்று நாள் தெருவில் சோறு தின்ன முடியவில்லை. அதிகாரிகள் இரண்டு பேர் வந்து பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனார்கள். அதன் முடிவு என்னவென்று இன்றைக்கு வரை யாரும் சொல்லவில்லை. ஏரியின் அந்தப் பக்கத்தில், புது மனைகளுக்குப் பின்னால், கழிவுத்தண்ணீர் லாரிகள் வந்து குழாயைத் திறந்துவிட்டுப் போவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஆனால் நாலாம் நாள் ஏழு கற்களுக்கு முன்னால் ஊர் கூடியபோது லாரியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. யார் தீட்டோடு கரைக்கு வந்தது என்பதுதான் பேச்சு.

செல்வியை உனக்குத் தெரியாது. ஏரியில் தாமரை இலையும் அல்லிப் பூவும் பறித்துப் பூக்கடைகளுக்குக் கொடுக்கிறவள். கணவன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். முப்பது வயதுகூட இருக்காது. அந்தப் பங்குனியில் அவளுக்கு எட்டாம் மாதத்திலேயே பிள்ளை செத்துப் பிறந்தது. தீட்டுக் கழியும் முன்பே அவள் கரையில் இருந்ததை ஒருத்தி பார்த்திருக்கிறாள். அதைச் சொன்னாள். செல்வி எழுந்து நின்றாள். மறுக்கவில்லை.

"வந்தேன். தண்ணியத் தொடல. வூட்டுல இருக்க முடியல, கரையில உக்காந்திருந்தேன். அவ்ளோதான்."

பெண்கள் கூட்டத்தில் நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் இரண்டு கையும் மடியில் இருந்தன. ஒன்றைத் தூக்கினால் போதும். உன் மகள் முகம் வந்தது, உன் தம்பி வீடு வந்தது, நாளைக்குத் தெருவில் எப்படி நடப்பேன் என்ற நினைப்பும் வந்தது. கடைசியாக வந்ததுதான் முதலில் வந்தது என்று இப்போது தோன்றுகிறது. கையைத் தூக்கவில்லை. ஏரி நிரம்பிக் கலங்கல் வழியும் வரை செல்வி கரையில் கால் வைக்கக் கூடாது என்று தீர்ப்பானது.

அவளிடமிருந்து பூக்கடைக்காரர்கள் வாங்குவதை நிறுத்தினார்கள். ஏரிக்கே போகக் கூடாது என்றால் வாங்க என்ன இருக்கிறது? பத்து நாளில் அவள் கணவன் அவளை அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். அவள் போகிற அன்று நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். ஒரு துணிப்பை, அவ்வளவுதான்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். உனக்குத்தான் அவரைத் தெரியுமே. மில் மூடிய பிறகு எதற்கும் குரல் உயர்த்தாதவர். "நீ போய்ச் சொன்னா செத்த மீனு எழுந்து நீந்தப் போவுதா?" என்றார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு மாதம் சும்மா இருந்தேன். இரவில் தூக்கம் வராது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். நன்றாகத் தூங்கினேன். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆனி மாதத்தில் ஒரு காலை கரைக்குப் போனேன். பூசாரி ஏழுமலை அண்ணன் கற்களைக் கழுவிக்கொண்டிருந்தார். சின்ன வயதில் நம்மைக் கரையிலிருந்து விரட்டுவாரே, அவர்தான். இப்போது முதுகு வளைந்துவிட்டது. பங்குனியில் உச்சிப்பொழுதில் இங்கே வந்தது நான் என்று சொன்னேன். அவர் நிமிரவில்லை.

"பாத்தேன்" என்றார். "மரத்துப் பின்னால இருந்தேன். சொல்தா வூட்டுப் பொண்ணு சாம்பல்தான அது?"

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அது ஒரு சொம்பு சாம்பல். அந்தாண்ட லாரி லாரியா கொட்றான். மீனு எதுல செத்துதுன்னு எனக்குத் தெரியாதா? லாரியச் சொன்னா, அப்புறம் கன்னிமாரு எதுக்கு, நான் எதுக்குன்னு கேப்பானுங்க. உன்னச் சொன்னா செத்தவ பேரு கெட்டுப்பூடும்."

"செல்வி?"

அவர் ஏழாவது கல்லில் தண்ணீர் ஊற்றினார். வெகு நேரம் ஊற்றினார்.

"அந்தப் பொண்ணு எதுத்துப் பேசாதும்மா" என்றார்.

கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? அவர் மரத்துக்குப் பின்னால் நின்றார், நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரும் ஒரே காரணத்துக்காகத்தான் அவளை விட்டுக்கொடுத்தோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை நானும் பானையோடு போய், பொங்கல் வைக்க வந்த பெண்களுக்கு முன்னால் சொன்னேன். அடுப்புப் புகையில் கண் எரிந்தது. அழுவதாக நினைத்திருப்பார்கள். சாம்பல் கரைத்தது நான் என்றேன். யாருடையது என்று கேட்டார்கள். உன் பெயரைச் சொன்னேன். மன்னித்துக்கொள், சொல்லாமல் முடியவில்லை. ஒருத்தி தன் குழந்தையின் கையைப் பிடித்து என் பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டாள். இன்னொருத்தி, நாற்பது வருஷமாகத் தெரிந்தவள், என் பானையை மட்டும் அடுப்பிலிருந்து இறக்கித் தனியாக வைத்தாள். அரிசி பாதி வெந்திருந்தது.

செல்விக்குச் சொன்ன தீர்ப்பையே எனக்கும் சொன்னார்கள். அதை எதிர்பார்த்துத்தான் போனேன். ஆனால் அவளுடைய தடையை எடுத்துவிடுவார்கள் என்றும் எதிர்பார்த்தேன். எடுக்கவில்லை. "அவ வந்ததும் வந்ததுதான?" என்றார்கள். ஆக, நான் வாயைத் திறந்ததில் தடை இரண்டாயிற்று. அவ்வளவுதான் நடந்தது. உன் தம்பி வந்து வாசலில் நின்று ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனான். அதை இங்கே எழுத மாட்டேன். இப்போது தெருவில் நல்லது கெட்டது எதற்கும் என்னைக் கூப்பிடுவதில்லை. போன மழையிலும் ஏரி நிரம்பவில்லை.

செல்வியைத் தேடினேன். கதிர்காமம் ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கும் வேலைக்கு வந்திருக்கிறாள் என்று அவள் கணவன் சொன்னான். தையில் ஒரு மத்தியானம் போனேன். நீல நிற உடுப்பில், தலையில் வலை கட்டிக்கொண்டு வந்தாள். முதலில் என்னை அடையாளம் தெரியவில்லை. வெளியே டீக்கடையில் இரண்டு பேரும் நின்றோம். எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். காலில் விழக்கூடத் தயாராகத்தான் போயிருந்தேன். அவள் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள். முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"நீங்க அன்னிக்கே சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்க்கா" என்றாள். "புள்ள செத்துப் பொறந்ததுக்கு நான்தான் காரணம்னாங்க. நடக்கக் கூடாத எடத்துல நடந்தேன், தூக்கக் கூடாதது தூக்கினேன்னு. அப்புறம் மீனுக்கும் நான்தான்னாங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. நான்தான்னு நானே நெனச்சிக்கினேன்."

இல்லை, நீ இல்லை, லாரிதான், அந்தப் பூசாரியே சொன்னார் என்று படபடவென்று பேசினேன். அவள் தலையாட்டினாள். சின்னப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதைக் கேட்கிற மாதிரி தலையாட்டினாள். பத்து மாதமாக ஊறிப்போனதை ஒரு டீ குடிக்கிற நேரத்தில் எடுத்துவிட முடியாது என்று எனக்குத் தெரிந்தது. ஏரிக்குத் திரும்பி வருவாயா என்று கேட்டேன். இங்கே நிழலில் வேலை, மாதம் பிறந்தால் சம்பளம், வர மாட்டேன் என்றாள். போகும்போது என்னிடம் ஒன்று கேட்டாள். நான் எதிர்பார்க்காதது.

"உங்க பிரெண்டு அங்க இருக்காங்கன்னா, எம் புள்ளையும் அங்கதான் இருக்குமாக்கா? கரையில உக்காந்தப்ப எனக்கு அப்படித்தான் தோணுச்சு."

இருக்கும் என்றேன். அதை நான் நம்பிச் சொன்னேனா என்று தெரியவில்லை. ஆனால் பஸ்ஸில் வரும்போது அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். நீ அங்கே ஒரு குழந்தையோடு இருக்கிறாய் என்று. பதினோரு வருஷம் காத்திருந்தவளுக்குக் குழந்தையைத் தூக்கத் தெரியாமல் இருக்குமா?

போன ஞாயிற்றுக்கிழமை கன்னிகா கூப்பிட்டாள். ஆடியில் வருகிறாளாம். அம்மாவைக் கரைத்த இடத்தில் விளக்கு விட வேண்டுமாம். இனி மறைக்க வழியில்லை. நான் கரைக்கே போக முடியாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். அதனால் எல்லாவற்றையும் சொன்னேன். சாவு தொடக் கூடாத கரை என்பதை, மீன் செத்ததை, செல்வியை, என் பானையைத் தனியாக வைத்ததை. அவள் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துக் கேட்டாள்.

"பெரியம்மா, அங்க சாம்பல் போடக் கூடாதுன்னு அம்மாவுக்குத் தெரியுமா?"

ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா என்று நீ மூச்சு வாங்கச் சிரித்தது என் காதில் அப்படியே இருந்தது. உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இன்று வரை யாரிடமும் சொல்லாத கோபம். கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றாயே, கேட்டார்கள். நீ இல்லை. செல்விதான் எழுந்து நின்றாள்.

"தெரியாதும்மா" என்றேன். "சின்ன வயசுலயே வெளிநாடு போனவ. அவளுக்கு எப்படித் தெரியும்?"

அவள் பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். இத்தனை தூரத்திலும் கேட்டது. அப்புறம் கொஞ்சம் அழுதாள். அழுது முடித்து, தவறு அம்மாவுடையது இல்லைதானே என்று இன்னொரு தடவை கேட்டுக்கொண்டாள். இல்லை என்றேன். அவளை ஆடியில் செல்வியிடம் கூட்டிக்கொண்டு போகிறேன். விளக்கை எங்கே விடுவது என்று மூன்று பேரும் யோசிக்கலாம்.

நீ தெரிந்துதான் கேட்டாய், நான் தெரிந்துதான் செய்தேன். அதில் உன் பங்கை உன் மகளிடமிருந்து மறைத்துவிட்டேன். இனி நான் இருக்கும் வரை அதை மறைத்தே வைத்திருப்பேன். உனக்காக நான் செய்தவற்றில் மறுபடியும் ஒரு தடவை செய்யச் சொன்னால் இது ஒன்றைத்தான் செய்வேன். ஆனால் ஊர் கூடிய அந்தக் காலையில், அந்தப் பெண் எழுந்து நின்றபோது நான் உட்கார்ந்தே இருந்தேனே, அதை உன்னோடு பங்குபோட முடியவில்லை. எப்படிப் போட்டுப் பார்த்தாலும் அது முழுசாக என்னிடமே வருகிறது.